பறக்கும் தட்டா, வெள்ளிக் கிரகமா? 21 வருடம் பதில் சொன்ன ஆலன் ஹைனெக் யார்?

அமெரிக்காவில் யாராவது ராத்திரி வானத்தில் விசித்திரமான வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு விமானப்படைக்குத் தகவல் சொன்னால், அந்தக் காகிதம் சுற்றிச் சுற்றி ஒரு வானியல் பேராசிரியரின் மேஜைக்கு வந்துவிடும். அவர் தேதி, நேரம், பார்த்த திசை மூன்றையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவார். பெரும்பாலும் பதில் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். வெள்ளிக் கிரகம், எரிநட்சத்திரம், இல்லாவிட்டால் ஒரு பலூன்.

அந்தப் பேராசிரியர் ஜோசப் ஆலன் ஹைனெக். 1948 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படையின் அறிவியல் ஆலோசகர். மக்கள் பயப்படும்போது அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலை. அதே மனிதர் 1973-ல் பறக்கும் தட்டு ஆராய்ச்சிக்கென்றே தனியாக ஒரு மையம் தொடங்கினார்.

இடையில் என்னதான் ஆச்சு?

வால் நட்சத்திரம் வந்தபோது பிறந்தவர்

ஹைனெக் பிறந்தது 1910 மே 1, சிகாகோவில். பெற்றோர் செக் வம்சாவளியினர். ஹாலி வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. சின்னப் பையனாக இருந்தபோது ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுது போக வேண்டுமே என்று அம்மா புத்தகம் படித்துக் காட்டினார். வீட்டிலிருந்த கதைப் புத்தகங்கள் தீர்ந்துபோய், பாடப் புத்தகங்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒன்று வானியல் புத்தகம். அங்கே பிடித்த ஆர்வம் கடைசிவரை விடவில்லை.

1935-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அடுத்த வருடமே ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் வேலை. நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து ஆராய்வது அவருடைய துறை. இரண்டாம் உலகப் போரின்போது, இலக்கை நெருங்கியதும் தானாக வெடிக்கும் குண்டு முனையை உருவாக்கிய குழுவில் இருந்தார். போர் முடிந்ததும் திரும்பவும் வகுப்பறை, தொலைநோக்கி. ராணுவத்தோடு இனி வேலை இல்லை என்ற நிலைதான்.

'தட்டு' என்ற பெயர் எப்படி வந்தது?

1947 ஜூன் 24. வாஷிங்டன் மாகாணத்தின் ரெய்னியர் மலைப் பக்கம் சிறிய விமானம் ஓட்டிக்கொண்டிருந்த கென்னத் அர்னால்ட் என்ற தொழிலதிபர், ஒன்பது பொருட்கள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டு பறந்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டை வீசினால் எப்படித் தத்தித் தத்திப் போகுமோ, அப்படிப் பறந்ததாக விவரித்தார். அவர் சொன்னது பறந்த விதத்தைப் பற்றி. பத்திரிகைகள் அதையே வடிவமாக்கி, பறக்கும் தட்டு என்று தலைப்புப் போட்டுவிட்டன. கவனிக்க வேண்டிய விஷயம், அதற்கப்புறம் நாடு முழுக்க மக்கள் பார்க்க ஆரம்பித்ததும் தட்டுகளைத்தான்.

அது பனிப்போர் தொடங்கிய காலம். வானத்தில் தெரிவது சோவியத் ஆயுதமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் விமானப்படையின் உண்மையான கவலை. ஒஹையோவின் டேட்டன் நகரிலுள்ள ரைட்-பேட்டர்சன் தளத்தில் புராஜெக்ட் சைன் என்ற பெயரில் விசாரணை தொடங்கியது. வந்த புகார்களில் எத்தனை நட்சத்திரம், எத்தனை கிரகம் என்று பிரித்துச் சொல்ல ஒரு வானியலாளர் தேவைப்பட்டார். பக்கத்திலேயே இருந்தவர் ஹைனெக். தேர்வுக்குக் காரணம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவருக்கோ இது சில மாதத்தில் அடங்கிப்போகும் ஒரு மோகமாகத்தான் தெரிந்தது.

உயிரை வாங்கிய துரத்தல்

அவர் மேஜைக்கு வந்த கோப்புகளில் ஒன்று மட்டும் சிரித்துவிட்டுத் தள்ள முடியாதது. 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கி மாகாணத்தில் பட்டப்பகலில் வானத்தில் பெரிதாக, வெளுப்பாக ஏதோ நிற்பதாகத் தகவல் வந்தது. அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த தேசியக் காவல் படை விமானங்களிடம் அது என்னவென்று பார்க்கச் சொன்னார்கள். உடன் வந்தவர்கள் சுமார் 22,000 அடியில் திரும்பிவிட்டார்கள். கேப்டன் தாமஸ் மேன்டெல் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போனார். அவரிடம் ஆக்சிஜன் கருவி இல்லை. மயங்கியிருக்க வேண்டும். விமானம் தரையில் விழுந்து நொறுங்கியது. உலகப் போரில் சண்டை போட்டுத் தப்பி வந்த அவருக்கு வயது 25.

அவர் துரத்தியது எதை? ஹைனெக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில் வெள்ளிக் கிரகம் ஏறக்குறைய அதே திசையில் இருந்தது. அவ்வளவுதான், வெள்ளி என்று முடிவாகிவிட்டது. ஆனால் பகலில் வெள்ளி தெரிந்தாலும் ஊசிமுனைப் புள்ளியாகத்தான் தெரியும். பார்த்தவர்கள் சொன்னதோ பெரிய உருவத்தை. பின்னால்தான் ஸ்கைஹூக் என்ற ராட்சத பலூன்கள் பற்றித் தெரியவந்தது. சுமார் 100 அடி விட்டம், வெயில் பட்டால் உலோகம் போல மின்னும். அமெரிக்கக் கடற்படையின் ரகசியத் திட்டம் என்பதால் விமானப்படையில் விசாரித்தவர்களுக்கே அது தெரியாது. மேன்டெல் பார்த்தது அப்படி ஒரு பலூன் என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

திசை பொருந்தினால் போதும், விளக்கம் ரெடி. இந்தப் பழக்கம் ஹைனெக்கை அன்றைக்கே விட்டுவிடவில்லை.

ஆனாலும் வெள்ளி நிஜமாகவே ஏமாற்றும்

இந்த ஒரு வழக்கை வைத்து வெள்ளிக் கிரக விளக்கமே சப்பைக்கட்டு என்று நினைத்துவிடக் கூடாது. சூரியன், சந்திரனுக்கு அடுத்து வானத்தில் அதிகப் பிரகாசம் வெள்ளிக்குத்தான். அதைப் போர்த்தியிருக்கும் மேகங்கள் சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து வயலுக்குப் போன தலைமுறைக்கு அது பழகிய முகம். தெருவிளக்கு வெளிச்சத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை.

வெள்ளி அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதன் ஒளி அடர்த்தியான காற்றைக் கடந்து வருகிறது. காற்று அசைய அசைய அந்த ஒளி துடிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறும். நீங்கள் காரில் போனால் மரமும் வீடும் பின்னால் ஓடும், வெள்ளி மட்டும் கூடவே வரும். துரத்துகிற மாதிரியே இருக்கும். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கண்ணின் சிறு அசைவுகளை மூளை அந்தப் புள்ளியின் அசைவாக எடுத்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நிற்கும் கிரகம் மேலும் கீழும் ஆடும். கடைசியில் அது அடிவானத்தில் மறைந்ததும், தரையிறங்கிவிட்டது என்று புகார் வரும்.

படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஹைனெக் காலமெல்லாம் முடிந்து, 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் சீனப் பக்கத்திலிருந்து அடையாளம் தெரியாத பொருட்கள் பறப்பதாக இந்திய ராணுவ வீரர்கள் 329 முறை குறித்து வைத்தார்கள். உளவு டிரோன் என்ற சந்தேகம். பெங்களூருவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தை அழைத்து விசாரித்தபோது, வீரர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளியையும் வியாழனையும் என்று தெரிந்தது. கடும் குளிரில் எல்லையைக் கண்காணிப்பவர்களுக்குத் தூசியில்லாத அந்த உயரத்து வானத்தில் கிரகங்கள் எவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்கும்!

40 வானியலாளர்களிடம் கேட்ட கேள்வி

1949-ல் விசாரணையின் பெயர் புராஜெக்ட் கிரட்ஜ் என்று மாறியது. அப்போது ஹைனெக் ஆராய்ந்த 237 புகார்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வானியல் சம்பந்தப்பட்டவை: கிரகங்கள், நட்சத்திரங்கள், எரிநட்சத்திரங்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு பலூன், பறவை, ராக்கெட், ஒளிக்குண்டு வகையறா. சிலவற்றில் போதிய தகவலே இல்லை. அதெல்லாம் போக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

1952-ல் திட்டம் புராஜெக்ட் ப்ளூ புக் ஆனது. அந்த ஒரே வருடத்தில் புகார்கள் 1,500-ஐத் தாண்டின. ஜூலை மாதம் தலைநகர் வாஷிங்டனின் ரேடார் திரைகளிலேயே மர்மப் புள்ளிகள் தெரிய, போர் விமானங்களை அனுப்பினார்கள். விமானப்படை சொன்ன விளக்கம், வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். கோடை இரவில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் படுத்துக்கொண்டால் ரேடார் அலைகள் வளைந்து தரைக்கு வந்துவிடும். கீழே இருப்பது மேலே பறப்பதாகத் திரை காட்டும். தார்ச் சாலையில் தெரியும் கானல் நீர் எப்படியோ, கிட்டத்தட்ட அதே கதைதான்.

அந்த வருடம் ஹைனெக் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தார். தனக்குத் தெரிந்த 40-க்கும் மேற்பட்ட வானியலாளர்களிடம், விளக்க முடியாத எதையாவது வானத்தில் பார்த்ததுண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டார். ஐந்து பேர் ஆமாம் என்றார்கள். அவர்களில் ஒருவர் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டோம்பா. வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்பதால் இந்த மாதிரி ஆட்கள் வாயைத் திறப்பதில்லை என்பது அவருக்கு உறைத்தது. 1953-ல் ஓர் ஒளியியல் ஆய்விதழில் எழுதியபோது, கேலி செய்வது அறிவியல் முறை ஆகாது என்ற வாதத்தை முன்வைத்தார்.

அதோடு வேறு வேலை வந்துவிட்டது. 1956-ல் ஸ்மித்சோனியன் வான் இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் கேமராக்களை உலகம் முழுக்க 12 இடங்களில் நிறுவும் திட்டத்தில் இறங்கினார். அந்த 12-ல் ஒன்று நம் நாட்டின் நைனிடாலில் இருந்தது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அது எங்கே இருக்கிறது என்று பத்திரிகைகளுக்கு விளக்கிச் சொன்னவர்களில் ஹைனெக்கும் ஒருவர். பயந்துபோயிருந்த அமெரிக்கர்களுக்கு நிதானமாகப் பேசும் அந்தக் குரல் பிடித்துப்போனது. 1960-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வானியல் துறைத் தலைவர் ஆனார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 1966 மார்ச் வரை.

சதுப்பு நிலத்தில் சிக்கிய பேராசிரியர்

மிச்சிகன் மாகாணம். மார்ச் 20 அன்று டெக்ஸ்டர் என்ற ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்துக்கு மேல் விளக்குகள் மிதந்ததாகப் பலர் சொன்னார்கள். போலீஸ்காரர்களும் அதில் உண்டு. மறுநாள் இரவு ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதி ஜன்னல்களிலிருந்து 87 மாணவிகள் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்கள். அதுவும் சதுப்பு நிலப் பக்கம்தான். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. விமானப்படை ஹைனெக்கை அனுப்பியது.

அவர் போனபோது ஊரே கொதிநிலையில் இருந்தது. அமைதியாக உட்கார்ந்து விசாரிக்க நேரமில்லை. மார்ச் 25 அன்றே டெட்ராய்ட்டில் செய்தியாளர் சந்திப்பு வைக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி. அரங்கம் நிறைய நிருபர்கள், கேமராக்கள்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். குளிர்காலத்தில் உறைந்திருந்த சதுப்பு நிலம் மார்ச்சில் இளக ஆரம்பிக்கும். அடியில் அழுகிய செடிகொடிகளிலிருந்து மீத்தேன் போன்ற வாயுக்கள் வெளியேறும். அவை தீப்பற்றினால் தரையை ஒட்டி மங்கலான வெளிச்சம் மிதக்கும். சதுப்பு நிலத்திலும் சுடுகாட்டிலும் ராத்திரி நெருப்பு அலைவதைப் பார்த்து நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் வைத்தார்களே, அதே சமாச்சாரம். பிசாசு வாயைத் திறந்தால் நெருப்பு, மூடினால் இருட்டு என்று கிராமத்தில் சொல்வதும், அந்த வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைவதைத்தான்.

ஹைனெக் இதை அந்த இரண்டு சம்பவங்களுக்கு மட்டும், அதுவும் ஒரு சாத்தியம் என்றுதான் சொன்னார். ஆனால் நிருபர்கள் காதில் விழுந்தது சதுப்பு வாயு என்ற வார்த்தை மட்டும். சந்திப்பு முடிந்ததும் முடியாததுமாகத் தொலைபேசியைத் தேடி ஓடினார்கள். அடுத்த நாள் பேப்பர்களில், பறக்கும் தட்டு எல்லாமே சதுப்பு வாயுதான் என்று அரசாங்கப் பேராசிரியர் சொல்லிவிட்ட மாதிரி ஆகிப்போனது. கார்ட்டூன் போடுபவர்களுக்குக் கொண்டாட்டம். மிச்சிகன்காரர்களுக்கோ அவமானம். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலேயே வாழ்பவர்களுக்குச் சதுப்பு நிலம் தெரியாதா என்ன?

ஹைனெக் சொன்னது அறிவியல்படி அபத்தம் கிடையாது. சிக்கல், சொன்ன விதத்தில். 87 பேரிடமும் பொறுமையாகப் பேசி, அளந்து, வாயு நிஜமாகவே வெளியேறியதா என்று சோதித்துவிட்டுச் சொல்லியிருந்தால் கதை வேறு. விளக்கம் முதலில் தயாராகி, விசாரணை பின்னால் வந்ததாக மக்களுக்குத் தோன்றிவிட்டது. அதற்கப்புறம் சரியான விளக்கம் சொன்னாலும் மூடி மறைக்கிறார்கள் என்றே பேச்சு வந்தது. அந்த அவநம்பிக்கை அமெரிக்காவில் இன்றுவரை தீரவில்லை.

விஷயம் நாடாளுமன்றத்துக்கே போனது. மிச்சிகன் எம்.பி. ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவர், முறையான விசாரணை வேண்டுமென்று கேட்டார். ஏப்ரல் 5 அன்று நாடாளுமன்றக் குழு முன் ஹைனெக் ஆஜரானார். இந்தப் புகார்களை ராணுவத்துக்கு வெளியே இருக்கும் விஞ்ஞானிகள் குழு ஆராய வேண்டும் என்று அங்கே வலியுறுத்தினார். விமானப்படையின் ஆள் விமானப்படைக்குப் பிடிக்காததைப் பேச ஆரம்பித்தது இங்கேதான்.

ஆராயச் சொன்னவரை விட்டுவிட்டு ஆராய்ச்சி

அவர் கேட்ட ஆய்வு கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்டு காண்டன் தலைமையில் தொடங்கியது. தலைமைப் பொறுப்பு ஹைனெக்குக்குக் கிடைக்கவில்லை. 1969 ஜனவரியில் அறிக்கை வெளியானது. இதில் மேற்கொண்டு ஆராய அறிவியலுக்குப் பயனுள்ளது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம்.

அந்த அறிக்கையில் ஒரு சம்பவம் படிக்கச் சுவாரஸ்யமானது. 1968 மார்ச் 3 இரவு, சோவியத்தின் ஸோண்ட்-4 விண்கலம் தொடர்பான துண்டுகள் எரிந்துகொண்டே பல மாகாணங்களின் வானத்தைக் கடந்தன. பெரிய எரிநட்சத்திரம் உடைந்து வரிசையாகப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி. பலர் அதை அப்படியே விவரித்தார்கள். சிலர் மட்டும், சுருட்டு வடிவக் கப்பல் ஒன்று வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தோடு பறந்ததாக எழுதினார்கள். பொய் சொல்லவில்லை. தனித்தனிப் புள்ளிகளுக்கு நடுவே இருந்த இருட்டை மூளை ஒரு உடலாக நிரப்பிக்கொண்டது.

1969 டிசம்பர் 17 அன்று ப்ளூ புக் மூடப்பட்டது. மொத்தம் 12,618 புகார்கள். அதில் 701 மட்டும் அடையாளம் காணப்படாதவை என்று பட்டியலில் நின்றன.

அந்த 701-ஐ விட ஹைனெக்குக்கு மனசு வரவில்லை. அது வேற்றுகிரகவாசிகள்தான் என்று அவர் அறிவிக்கவும் இல்லை. 1972-ல் வந்த புத்தகத்தில் பார்த்தவற்றை வகை பிரித்தார். இரவில் தெரியும் தூரத்து வெளிச்சம் ஒரு வகை, பகலில் தெரியும் தட்டு ஒரு வகை, ரேடாரிலும் கண்ணிலும் பட்டது ஒரு வகை. மிக அருகில் நடந்ததாகச் சொல்லப்படுபவற்றை முதல், இரண்டாம், மூன்றாம் வகை நெருங்கிய சந்திப்பு என்றார். அந்த மூன்றாம் வகையைத்தான் 1977-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படத் தலைப்பாக வைத்தார். படத்தின் முடிவில் தாடியும் பைப்புமாகக் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து நிற்பவர் சாட்சாத் ஹைனெக்கேதான். 1978 நவம்பரில் ஐ.நா. குழு ஒன்றின் முன்னும் இதே விஷயமாகப் பேசினார்.

சொந்த மையமே சொன்ன கணக்கு

1973-ல் அவர் தொடங்கிய மையத்துக்கு நாடு முழுவதும் இருந்து தகவல்கள் வந்தன. அங்கே முழுநேர விசாரணையாளராக இருந்த ஆலன் ஹெண்ட்ரி, சுமார் 1,300 புகார்களை ஒவ்வொன்றாகத் துருவி 1979-ல் புத்தகமாக வெளியிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒன்பது சாதாரணப் பொருட்கள். ராத்திரி வெளிச்சப் புகார்களில் பிரகாசமான நட்சத்திரங்களும் கிரகங்களும் முக்கிய இடம் பிடித்தன. வேற்றுகிரக ஆர்வலர்களில் சிலருக்கு இது கசந்தது. ஆனால் மையத்தின் பெயரில்தான் அது வந்தது, ஹைனெக் அதைத் தடுக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன் அவரே போட்ட கணக்கைவிட இது இன்னும் கறார்.

இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது. விஞ்ஞானிகள் சிலர் கட்சி மாறிவிட்டதாக நினைத்தார்கள். தட்டு ரசிகர்கள் சிலர் சதுப்பு வாயுவைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர் நின்ற இடம் இரண்டுக்கும் நடுவில்: பெரும்பாலானவை இயற்கைதான், மிச்சத்தையும் சிரிக்காமல் பாருங்கள்.

1986 ஏப்ரல் 27 அன்று அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் மூளைக் கட்டியால் ஹைனெக் இறந்தார். வயது 75. ஹாலி வால் நட்சத்திரம் அந்த பிப்ரவரியில்தான் மறுபடி சூரியனைச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. ப்ளூ புக் கோப்புகள் இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. விரும்பும் யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.